காமிரா உள்ளில் ஒரு காமிரா

கணக்கு டீச்சர் தாளில் எழுதுகிற எழுத்தின் உயரம் சுமார் 5 மில்லிமீட்டர். அதன் தலையில் ஏறி உட்காரும் அடுக்குக்குறிக்கு 2 மில்லிமீட்டர் கிடைத்தால் அதிகம். நாலடி அகலக் காட்சியாக அதைப் படம் பிடித்து, 14 சென்டிமீட்டர் அகலமுள்ள செல்போன் திரையில் ஒரு பையன் பார்த்தால், அந்த அடுக்குக்குறி கால் மில்லிமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. எக்ஸும் எக்ஸ் வர்க்கமும் அவனுக்கு ஒன்றுதான். விடை தப்பாகும். பையன் மக்கு என்று வீட்டில் தீர்ப்பாகும். லென்ஸின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்தி, அதை வீடியோ எடுத்து அனுப்புவது இன்று ஒரு தொழில், பலருக்கு உபதொழில். திருவனந்தபுரத்தில் இதற்கு மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் நீண்ட பூர்வீகம் உண்டு. 2004-ல் எஜுசாட் செயற்கைக்கோள் பறந்தது. அதை நம்பி, பள்ளிகளுக்கென்றே தொடங்கிய விக்டர்ஸ் சானலை 2005-ல் இதே ஊரில் தொடங்கிவைத்தவர் அப்போது ஜனாதிபதியாக இருந்த அப்துல் கலாம். பதினைந்து வருஷம் கழித்து அந்தச் சானலுக்கு யாரும் எதிர்பாராத வேலை வந்தது. பள்ளிகள் மூடிக்கிடந்த 2020-ல், ஜூன் 1-ம் தேதி, 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் கேரளத்தின் கல்வியாண்டே அதில்தான் திறந்தது. டி.வி.யோ செல்போனோ இல்லாத மாணவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் என்று அரசுக் கணக்கு சொன்னதும் அப்போதுதான். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் தனியே வீடியோ பாடங்கள் தயாராயின.

சானலுக்காவது ஸ்டுடியோவும் ஆட்களும் உண்டு. டியூஷன் எடுப்பவர்கள், தனியார் கல்லூரிகளின் ஆசிரியர்கள், வீணையும் வாய்ப்பாட்டும் சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லாம் அந்த வருஷத்தில் தங்கள் படுக்கையறையையே ஸ்டுடியோவாக மாற்றிக்கொண்டார்கள். பள்ளிகள் திறந்தன. ஆனால் அந்த அறைகள் திரும்பவும் வெறும் படுக்கையறைகளாக மாறிவிடவில்லை.

கரமனையில் அப்படி ஒரு டீச்சர் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். கரமனை, வலியசாலை, கோட்டைக்குள் என்று தமிழர் குடியிருப்புகள் உள்ள பகுதிகளில் அக்ரஹாரத்து வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம் என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. பழைய ஆட்கள் அதை 'காமிரா உள்' என்பார்கள். படமெடுக்கும் காமிராவுக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் தற்செயலாக வந்ததில்லை. லத்தீனில் காமிரா என்றால் அறை. போர்த்துக்கீசியர் வழியாக அறைக்குப் பெயராக வந்தது அதே சொல்தான். இந்தியின் 'கம்ரா'வும் அதன் உடன்பிறப்பு. படப்பெட்டிக்கு அந்தப் பெயர் வந்ததும் இருட்டறை என்ற பொருளில்தான். ஆக, டீச்சர் செய்ய வேண்டிய காரியம் ஓர் அறைக்குள் இன்னொரு குட்டி அறையைக் கொண்டுபோய் வைப்பது.

இந்தக் காமிரா உள் பத்துக்குப் பத்து. ஒரு சுவரோரம் கட்டில். அது நாலடியை விழுங்கிவிட்டது. எதிர்ச்சுவரில் முதுகு படும்படி நாற்காலி, அதன் முன்னால் நாலடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள மேஜை. கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவே ஒன்றரை அடிச் சந்து. காமிரா தாங்கியின் மூன்று கால்களும் அந்தச் சந்தில்தான் நிற்க வேண்டும். இன்ச் டேப்பை வைத்து அளந்தால் லென்ஸிலிருந்து டீச்சரின் முகம் வரை நாலடி. அதற்கு மேல் பின்னால் போனால் கட்டில். கட்டில் மேல் தாங்கியை நிறுத்தலாமே என்றால், மெத்தை மூச்சு விட்டாலே படம் ஆடும்.

இந்த நாலடிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆனால் லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கடையில் விலையைக் கேட்பார்கள், கம்பெனியைக் கேட்பார்கள், எத்தனை வெளிச்சம் உள்ளே விடும் என்று கேட்பார்கள். அறையில் எத்தனை அடி இருக்கிறது என்று கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை.

டீச்சருக்கு யோசனை சொல்ல சென்னையில் ஓர் அக்கா பிள்ளை இருப்பான். எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறான். "சித்தி, கண்ணை மூடிண்டு ஐம்பது வாங்கிக்கோங்கோ" என்பான். அவன் சொல்வதில் நியாயமும் உண்டு. 50 மி.மீ., 1.8 லென்ஸ் என்பது பெரிய கம்பெனிகள் விற்கும் லென்ஸ்களிலேயே மலிவானவற்றில் ஒன்று. கண்ணாடி நல்ல கண்ணாடி. கல்யாண வீட்டில் அதை வைத்து எடுத்தால் பெண்ணின் முகம் பளிச்சென்று நிற்க, பின்னாலிருக்கும் சீரியல் பல்புகள் எல்லாம் உருகி முத்துகளாகிவிடும். அந்த முத்துகளைப் பார்த்து மயங்காதவர்கள் குறைவு.

டீச்சர் வாங்கி, மாட்டி, நாலடித் தூரத்தில் வைத்துப் பார்க்கிறார். முகம் தெரிகிறது, தோள் தெரிகிறது. அவ்வளவுதான். மேஜை இல்லை, கை இல்லை, கையிலிருக்கும் பேனா இல்லை. செய்தி வாசிப்பவர் போல உட்கார்ந்து வடிவியல் நடத்த வேண்டியதுதான்.

காரணம் சின்ன வகுப்புக் கணக்கு. காமிரா உள்ளின் ஜன்னலை அடைத்து ஒரே ஒரு ஓட்டை விட்டால், எதிர் வீடு தலைகீழாகச் சுவரில் விழும். ஓட்டைக்கு வெளியே ஒரு முக்கோணம், உள்ளே ஒரு முக்கோணம், இரண்டும் வடிவொத்தவை. வெளியே தூரத்துக்கும் அகலத்துக்கும் என்ன விகிதமோ, உள்ளே லென்ஸின் மில்லிமீட்டருக்கும் பிம்பம் விழும் சில்லின் அகலத்துக்கும் அதே விகிதம். வீட்டு உபயோகத்துக்கு விற்கும், லென்ஸ் கழற்றி மாட்டும் காமிராக்கள் பலவற்றில் அந்தச் சில்லின் அகலம் சுமார் 23.5 மி.மீ.; கேனானில் ஒரு மில்லிமீட்டர் குறையும். ஆகவே 24 மி.மீ. லென்ஸ் மாட்டினால் கணக்குப் போடவே வேண்டாம். எத்தனை அடி தூரமோ ஏறக்குறைய அத்தனை அடி அகலம் படத்தில் விழும். நாலடியில் நாலடி. 50 மி.மீ. மாட்டினால் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு: நாலடியில் 22 அங்குலம். 35 மி.மீ. மாட்டினால் இரண்டே முக்கால் அடிக்குக் கொஞ்சம் கீழே. பெரிய சில்லுள்ள விலை உயர்ந்த காமிராவில் அகலம் 36 மி.மீ.; அங்கே 24 செய்கிற இந்த வேலையை 35 செய்யும். அக்கா பிள்ளை கல்யாண மண்டபத்தில் பன்னிரண்டு அடி பின்வாங்கி நின்று பழகியவன். மண்டபத்துக்கு அவன் சொன்ன லென்ஸ் சரிதான்.

இதில் கணக்கை மீறிய ஒரு சங்கதியும் இருக்கிறது. பின்னணி உருகிப்போகும் லென்ஸின் மேல் இத்தனை பேருக்கு ஆசை வருவது அழகுக்காக மட்டும்தான் என்று நம்ப முடியாது. சின்ன வீட்டில் உட்கார்ந்து ஊருக்குப் பாடம் நடத்துபவர் முதலில் பார்ப்பது, தனக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்பதைத்தான். கொடியில் காயும் துண்டு, பீரோவின் மேல் அடுக்கிய சூட்கேஸ்கள், மழையில் ஊறிச் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். வகுப்பறையில் டீச்சர் வெறும் டீச்சர். இங்கே அவருடைய வீடும் சேர்ந்து வகுப்புக்கு வந்துவிடுகிறது. அதை மங்கலாக்கிவிட்டால் தேவலை என்று தோன்றுவது இயற்கை. துரதிருஷ்டம், சின்ன அறையில் அதுவும் நடக்காது. பின்னணி உருக வேண்டுமானால் ஆளுக்கும் சுவருக்கும் நடுவே தூரம் வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒன்றரை அடியில் சுவர் நின்றால் எந்த லென்ஸும் அதைக் கரைக்காது. கறை கொஞ்சம் மழுங்கும், அவ்வளவுதான். 1.8-ல் முழுக்கத் திறந்து வைத்தால் வேறொரு தொல்லை. நாலடியில் 50 மி.மீ. லென்ஸுக்குத் தெளிவாகத் தெரியும் ஆழம் நாலு சென்டிமீட்டர்தான். கண் தெளிவு, காது மங்கல். டீச்சர் ஒரு கனசதுரத்தை எடுத்து முன்னால் நீட்டினால், அது தெளிவாவதற்குள் அதன் ஆறு முகங்களைப் பற்றியும் பேசி முடித்திருப்பார்.

அப்படியானால் ரொம்ப அகலமான லென்ஸுக்கே போய்விடலாமா? 16 மி.மீ. நாலடியில் ஆறடி அகலம் தரும். மேஜை முழுக்க வரும். கூடவே கொடியும் பீரோவும் வரும். அவற்றை விலக்க டீச்சர் காமிராவை முகத்தருகே இழுப்பார். அங்கே மூக்கு வீங்கும். இதற்கு லென்ஸைத் திட்டுவது வழக்கம். உண்மையில் இது தூரத்தின் வேலை. மூக்கு நுனி காதைவிட நாலரை அங்குலம் முன்னால் இருக்கிறது. ஒன்றரை அடியிலிருந்து பார்த்தால் மூக்கு, காதுக்குச் சேர வேண்டிய அளவைவிடக் கால் பங்கு பெரிதாகிவிடும். ஐந்தடியிலிருந்து பார்த்தால் அந்த வித்தியாசம் ஏழெட்டு சதவீதம். கண் அதைப் பொருட்படுத்தாது. செல்போனைக் கை நீட்டி எடுத்த படத்தில் எல்லோருக்கும் மூக்கு வளர்ந்திருப்பதும் இதனால்தான்.

அகல லென்ஸ் இன்று கடையில் சுலபமாகக் கிடைக்கிறது. காமிராவுக்குள் அது நுழைந்தது அவ்வளவு சுலபமாக இல்லை. கண்ணாடி வைத்துப் பார்க்கும் ரிஃப்ளெக்ஸ் காமிராவில், மேலும் கீழும் ஆடும் அந்தக் கண்ணாடிக்கு லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே இடம் விட வேண்டும். நிகானில் அந்த இடைவெளி 46.5 மி.மீ. சாதாரண அமைப்பில் 24 மி.மீ. லென்ஸ், பிலிமுக்கு இரண்டரை சென்டிமீட்டருக்குள் வந்து உட்காரும். உட்கார்ந்தால் கண்ணாடி இடிக்கும். இதற்கு வழி கண்டு 1950-ல் விற்பனைக்கே கொண்டுவந்தவர் பிரான்சின் பியேர் ஆன்ஷெனியூ. தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்தது போல, முன்னால் ஒளியை விரிக்கும் ஒரு பெரிய கண்ணாடியை வைத்து, லென்ஸ் தள்ளி நின்றே அகலமாகப் பார்க்கும்படி செய்தார். அவர் அதற்கு வைத்த 'ரெட்ரோஃபோகஸ்' என்ற பெயரே பிறகு அந்த வகைக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. சின்ன அறையில் நின்று ரிஃப்ளெக்ஸ் காமிராவால் எடுத்த படங்களெல்லாம் அந்த யோசனைக்குக் கடன்பட்டவை.

அந்தப் பெயருக்கும் திருவனந்தபுரத்துக்கும் இப்போது ஒரு தொடர்பு உண்டு. 1959-ல் சிவன் என்ற புகைப்படக்காரர் இந்த ஊரில் ஸ்டுடியோ திறந்தார். அவர் மகன் சந்தோஷ் சிவன். 'தளபதி', 'ரோஜா' என்றால் தமிழர்களுக்கு நினைவு வருகிறவர். 2024 மே மாதம் கான் திரைப்பட விழாவில் பியேர் ஆன்ஷெனியூ பெயரால் வழங்கும் கௌரவம் அவருக்குக் கிடைத்தது. ரோஜர் டீக்கின்ஸ் போன்றவர்கள் வாங்கியது, இந்தியர் ஒருவருக்குப் போனது அதுவே முதல் தடவை. இப்போது வரும் காமிராக்களில் அந்த ஆடும் கண்ணாடியே இல்லை. இடைவெளி 16 முதல் 20 மி.மீ. வரை குறைந்துவிட்டது. அகல லென்ஸ்கள் மறுபடி சின்னதாகிவருவதற்கு அது ஒரு காரணம்.

டீச்சரின் மேஜைக்குத் திரும்பலாம். முகத்தைக் காட்டுவது பாதி வேலை. மீதிப் பாதி தாள். ஆரம்பத்தில் சொன்ன அடுக்குக்குறி அங்கேதான் காத்திருக்கிறது. நாலடிக் காட்சியில் அது மறைந்துபோகிறது. தாளின் நீளப் பக்கமான 30 சென்டிமீட்டர் மட்டும் படத்தை நிறைத்தால், எழுத்துகள் நாலு மடங்கு பெரிதாகும். செல்போன் திரையிலும் படிக்க வரும். அதற்குக் காமிரா தலைக்கு மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். எத்தனை உயரத்திலிருந்து? மறுபடி அதே முக்கோணம். 24 மி.மீ. லென்ஸ் என்றால் தாளுக்கு மேல் ஓர் அடி. அங்கே டீச்சரின் நெற்றி இருக்கிறது. இரண்டும் இடித்துக்கொள்ளும், லென்ஸின் நிழலும் தாளில் விழும். 35 என்றால் 45 சென்டிமீட்டர். நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒருவழியாகச் சமாளிக்கலாம். 50 என்றால் 64 சென்டிமீட்டர். நெற்றிக்கு மேலே, மின்விசிறிக்கு வெகு கீழே, சரியான இடம். முகத்துக்கு உதவாத 50 தாளுக்கு உதவுகிறது! தாளுக்குப் பதிலாக மேஜை முழுவதையும் மேலிருந்து காட்ட வேண்டுமென்றால் அதே 50-க்கு மேஜைக்கு மேல் 2.6 மீட்டர் உயரம் தேவை. மேஜையின் உயரத்தையும் சேர்த்தால் பத்தடி உயரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு மாடிக்குப் போயாக வேண்டும்.

மின்விசிறி என்றதும் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். ஓடினால் அதன் சத்தம் மைக்கில் விழுகிறது. நிறுத்தினால் ஏப்ரல் மாதத்தில் பத்து நிமிஷத்துக்கு மேல் யாரும் சிரித்த முகமாக இருக்க முடியாது. விசிறிக் கொக்கியிலேயே கம்பி கட்டிக் காமிராவைத் தொங்கவிடும் புத்திசாலிகளும் உண்டு. அவர்கள் படத்தில் பித்தாகரஸ் தேற்றம் நடுங்கிக்கொண்டே இருக்கும். சுவரில் ஆணி அடித்த கை, அல்லது மேஜை விளிம்பில் திருகு வைத்துப் பிடிக்கும் கை, இரண்டில் ஒன்றுதான் உருப்படி.

1.8-க்காக வாதாடுபவர்கள் கடைசியாக எடுக்கும் ஆயுதம் வெளிச்சம். காமிராவோடு சேர்ந்து வரும் 18-55 லென்ஸ் 3.5-க்கு மேல் திறக்காது, 1.8 அதைப்போல் நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். உண்மைதான். ஆனால் வெளிச்சத்தை லென்ஸில்தான் சம்பாதிக்க வேண்டும் என்று சட்டமில்லை. 1956-ல் வந்த 'அபராஜிதோ'வுக்காகக் காசி வீட்டின் முற்றத்தை ஸ்டுடியோவில் எழுப்பினார்கள். மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கு வெளிச்சத்தை அதில் அடித்துக் கீழே இறக்கி, நிஜ முற்றத்து வெளிச்சத்தைக் கொண்டுவந்தார் சுப்ரதா மித்ரா. டீச்சருக்கு அந்தத் துணியின் வேலையை ஒரு தெர்மாகோல் அட்டை செய்துவிடும். மேஜையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பி, மறுபக்கம் அட்டையை நிறுத்தினால் முகத்தின் இருண்ட பாதி விழித்துக்கொள்ளும். லென்ஸை 4-க்கு மூடி வைக்கவும் தைரியம் வரும். கனசதுரம் மங்காது.

மழைக்கால மத்தியானங்களில் ஜன்னல் கைவிட்டுவிடும். விளக்கு போட்டே ஆக வேண்டும். அப்போது படத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தால் காமிரா கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. விளக்கு விநாடிக்கு நூறு தடவை துடிக்கிறது. ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு விநாடிக்கு வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அமெரிக்கர்கள் சொல்லிக்கொடுக்கும் அறுபதில் ஒரு பங்கு அவர்கள் ஊர் மின்சாரத்துக்கு. சில மலிவான எல்.இ.டி. விளக்குகள் எதற்கும் அடங்காது. அவற்றைக் குளியலறைக்கு அனுப்பிவிடலாம்.

இன்னொரு பொறி பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும்: 4கே. சில காமிராக்கள் 4கே-யில் எடுக்கும்போது சில்லின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதியைப் போட்டால் ஓரங்கள் இன்னும் கொஞ்சம் போகும். நாலடி காட்டிய 24, அங்கே இரண்டரை அடி காட்டலாம். அளந்து வாங்கிய லென்ஸ் ஒரு பொத்தானை மாற்றியதும் அளவு மாறிவிடும் என்பது கடையில் தெரியாது. வீட்டுக்கு வந்து, மேஜையின் ஒரு காலைக் காணாமல் தேடும்போது தெரியும்.

எதை வாங்குவது என்றால், முதலில் எதையும் வாங்காமல் இருப்பது நல்லது. காமிராவோடு வந்த 18-55-ஐ ஏளனமாகப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. ஆனால் சின்ன அறைக்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. 18-ல் வை, 24-ல் வை, 35-ல் வை. தாளுக்கு 50-க்குப் போ. ஒரு வாரம் இப்படிப் பாடம் எடுத்துவிட்டு, விரல் அந்த வளையத்தை எந்த எண்ணில் நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். கரமனை அறையில் அது 24-ல் நிற்கும். அப்புறமும் வாங்கியே தீருவது என்றால் 24-ல் வாங்கலாம். கேனான் 2014-ல் கொண்டுவந்த 24 மி.மீ. லென்ஸ், பணியாரம் போலத் தட்டையானது, 16 சென்டிமீட்டர் கிட்டே வரை பார்க்கும். 50-க்குக் குறைந்தது 35 சென்டிமீட்டர் வேண்டும். தங்க நகைக்காரர்கள், கைவேலை சொல்லித்தருபவர்கள் இந்த எண்ணைத்தான் முதலில் படிக்க வேண்டும். பலர் படிப்பதில்லை.

செகண்ட்ஹேண்டில் வாங்குபவர்கள் திருவனந்தபுரத்தில் கையில் டார்ச்சோடு போக வேண்டும். இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர். காற்றிலேயே ஈரம். பீரோவுக்குள் தோல் உறையில் பத்திரமாக வைத்த லென்ஸில் சிலந்தி வலை போல வெள்ளையாக ஒன்று படரும், அது பூஞ்சை. கண்ணாடியின் மேல் பூசிய மெல்லிய படலத்தை அதன் அமிலம் அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பார்த்தால் ஒளிந்திருப்பது தெரியும். அரிசி டப்பாவுக்குள் வைப்பது பாட்டி வைத்தியம்; ஈரத்தை உறிஞ்சுகிறதோ இல்லையோ, தூசியை நிச்சயம் ஏற்றும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி போடுவது. இவ்வளவுதான் செலவு. தினமும் வெளியே எடுத்துப் புழங்கும் லென்ஸைப் பூஞ்சை அவ்வளவாகத் தீண்டுவதில்லை. பாடம் நடத்துபவர்களுக்கு அந்த வகையில் யோகம்.

அறையையே பெரிதாக்கும் வழிகளும் இல்லாமல் இல்லை. பத்துக்குப் பத்து அறையின் மூலைவிட்டம் 14 அடி. டீச்சருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத கணக்கு. மேஜையை ஒரு மூலையில் குறுக்காகப் போட்டு எதிர் மூலையில் காமிராவை வைத்தால், காகிதத்தில் நாலடி லாபம். கட்டிலை எங்கே தள்ளுவது என்ற கேள்வியில் அதில் பாதி கரையும். ஆனாலும் முதுகுக்குப் பின்னால் இரண்டு சுவர்கள் விலகிப்போய்ச் சேருவதால் படத்துக்கு ஆழம் கிடைக்கும். கொடியையும் அந்தப் பக்கம் கட்ட முடியாது.

இன்னொரு வழி, அக்ரஹாரத்து வீட்டுக்காரர்களுக்கே வாய்த்தது. காமிரா உள்ளின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, காமிராவைக் கூடத்தில் நிறுத்துவது. நிலைப்படி வழியாக எட்டிப் பார்த்தால் டீச்சரின் முகம் வரை ஒன்பதடி. அங்கே நின்றால் அந்த 50 மி.மீ. லென்ஸே நாலடிக்கு மேல் காட்டும். மூக்கு மூக்கின் அளவில் இருக்கும். இரண்டரை அடிக் கதவு குறுக்கே வராது. கூடத்தில் நாலடி தள்ளி நிற்கும் காமிராவுக்குக் கதவருகே இரண்டடிக்கும் குறைந்த வழி போதும். சென்னைப் பிள்ளையின் யோசனை கடைசியில் பலித்துவிட்டது. மண்டபம் மட்டும் வீட்டுக்குள்ளேயே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இதற்கு வாடகை வீட்டார் தருவார்கள். பாடம் ஓடும் நாற்பது நிமிஷமும் கூடத்தில் டி.வி. கிடையாது. சமையலறைக்கும் ரேழிக்கும் போக்குவரத்து நிற்கும். குக்கர் மூன்றாவது விசிலுக்கு முன்பே அணைந்துவிடும். மாமனார் மூன்று மணிக் காப்பிக்காக ஊஞ்சலில் ஆடாமல் உட்கார்ந்திருப்பார். டீச்சர் இருபடிச் சமன்பாட்டின் இரண்டாவது மூலத்தைக் கண்டுபிடிக்கும்போது, "ஆச்சா?" என்று சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்பார்.